நான்கு விசையில் ஒரு அம்மா: வேலேண்ட் உருவாக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

லினக்ஸில் திரையையும் விசைகளையும் செயலிகளுக்குப் பகிர்ந்து தரும் வேலேண்டின் நெறிமுறைகளை வகுக்கிறவர்களுக்கும், க்னோம், கேடிஈ பிளாஸ்மா போன்ற மேசைத்தளங்களைக் கட்டுகிறவர்களுக்கும், செயலிகளின் பொத்தான்களையும் எழுத்துப் பெட்டிகளையும் வரையும் ஜிடிகே, க்யூட்டி போன்ற கருவித்தொகுப்புகளைப் பராமரிக்கிறவர்களுக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். வேலேண்டில் தமிழில் எழுதும்போது எழுத்து உடைகிறது. இந்தச் சிக்கல் உங்களில் யாராவது ஒருவருடைய வீட்டுக்குள் இல்லை. உங்கள் வீடுகளுக்கு நடுவில் கிடக்கும் பொது நிலத்தில் இருக்கிறது. அதனால்தான் எல்லாரையும் ஒரே மடலில் அழைக்கிறேன்.

நான் பல ஆண்டுகளாக லினக்ஸில் நாள்தோறும் தமிழில் எழுதுகிறவன். புதிதாக வருகிறவர்களுக்குத் தமிழ்த் தட்டச்சை அமைத்துக் கொடுப்பதும் என் வழக்கம். உங்கள் நிரலில் நான் எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த நிரலின் ஒரு மூலையில்தான் நான் தினமும் வாழ்கிறேன்.

எழுதும்போது என் கையில் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்99 விசைப்பலகையில் ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று 4 விசைகளை அழுத்துகிறேன். புள்ளியை நான் அழுத்துவதில்லை. ஒரே மெய் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் முதலாவதுக்குத் தானாகப் புள்ளி விழ வேண்டும் என்பது தமிழ்99இன் விதி. ந, த என்று அழுத்தினால் ந்த வரும். ங, க என்றால் ங்க. 1999இல் வகுக்கப்பட்ட இந்த அமைப்பை இன்றும் பலர் விடாமல் பிடித்திருக்கிறோம் என்றால், விரலுக்கு வேலை குறைவு என்பதுதான் காரணம்.

லினக்ஸின் உள்மையமான கர்னலுக்கு இதெல்லாம் தெரியாது. அது பார்ப்பது 30, 37, 37, 16 என்ற எண்களை மட்டும். ஆங்கிலப் பலகையில் ஏ, கே, கே, க்யூ இருக்கும் இடங்கள் அவை. லிப்இன்புட் என்ற நூலகம் அவற்றை வாங்கி, திரையை ஆளும் நிரலான கம்பாசிட்டரிடம் தருகிறது. கம்பாசிட்டர் செயலிக்கு அனுப்புகிறது. செயலி ஒவ்வொரு எண்ணோடும் 8ஐக் கூட்டி, விசையையும் எழுத்தையும் இணைக்கும் எக்ஸ்கேபி அட்டவணையில் அது எந்த எழுத்து என்று பார்க்கிறது. வேலேண்டுக்கு முன்பிருந்த எக்ஸ்11இல் விசை எண்கள் 8இல்தான் தொடங்கின. அதைக் கைவிட்டு எழுந்த வேலேண்டிலும் அந்த 8 அப்படியே தங்கிவிட்டது. சரி, தமிழ்99 அட்டவணையை வைத்து இத்தனையும் பிசகாமல் நடந்தாலும் இறுதியில் வந்து நிற்பது ‘அ ம ம ஆ’ மட்டுமே. அது அம்மா ஆக வேண்டுமானால் நடுவில் ஒருவர் உட்கார்ந்து, முன்னால் வந்த ம-வுக்குப் புள்ளி வைத்து, பின்னால் வந்த ம-வுக்குக் கால் சேர்க்க வேண்டும். அந்த ஒருவர்தான் உள்ளீட்டு முறை. ஐபஸ் அல்லது எஃப்சிடிக்ஸ், அதற்குப் பின்னால் பெரும்பாலும் எழுத்து விதிகளைத் தரும் எம்17என் நூலகம்.

முடிவில் கண்ணுக்குத் தெரிவது 3 எழுத்து. யூனிகோடில் அது 5 குறியீடுகள். யூடிஎஃப்-8இல் 15 பைட். நான் அழுத்தியதோ 4 விசை. ஒன்றோடொன்று ஒட்டாத இந்த நான்கு எண்களைத்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் நிரல்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்கே ஒருவர் எண்ணுவதும் இன்னொருவர் எண்ணுவதும் மாறிப்போகிறதோ, அங்கே என் எழுத்து உடைகிறது.

இதைச் சொல்லும்போது பழைய காலத்துக்குத் திரும்பச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். எக்ஸ் 1984இல் எம்ஐடியில் பிறந்தது. எக்ஸ்11 வந்தது 1987இல். ஒரே திரையில் ஓடும் நிரல்கள் எல்லாம் ஒன்றையொன்று நம்பலாம் என்ற எண்ணத்தில் கட்டப்பட்ட வீடு அது. அதில் திறந்திருக்கும் எந்தச் செயலியும், நான் வேறு சாளரத்தில் தட்டும் கடவுச்சொல்லை அனுமதி கேட்காமலே படித்துவிட முடியும். ஒரு மெனுவைத் திறந்தபடி எழுந்து போனால் திரைப்பூட்டு விழாமல் போகும், ஏனென்றால் அந்த மெனு விசைப்பலகையைப் பிடித்து வைத்திருக்கும். 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் வேலேண்டைத் தொடங்கியதிலிருந்து நீங்கள் செய்த வேலை இந்தக் கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்தது. இன்று பூட்டு நிரலே செத்து விழுந்தாலும் திரை பூட்டியபடியே இருக்கும்படி நெறிமுறை எழுதியிருக்கிறீர்கள். லிப்இன்புட் வந்த பிறகு தொடுதளம் ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்வது குறைந்தது. இதற்கெல்லாம் மனதார நன்றி சொல்கிறேன்.

ஆனால் அந்த ஓட்டை வீட்டில் உள்ளீட்டு முறைக்கு ஓர் இடம் இருந்தது. எக்ஸ்11இன் உள்ளீட்டு முறை வழியான எக்ஸ்ஐஎம் அழகான ஏற்பாடு இல்லைதான். அதைத் தாண்டி, ஜிடிகேயும் க்யூட்டியும் தத்தம் செருகுநிரல் வழியாக ஐபஸுடன் நேரடியாகப் பேசின. செயலிகள் தொடங்கும்போது படிக்கும் சூழல் மாறிகள் மூன்றை ஒரு கோப்பில் எழுதிவைத்தால் போதும், சாளர மேலாளர் எதுவாக இருந்தாலும் தமிழ் வரும். திரையைக் கவனிக்கும் டிஸ்ப்ளே சர்வருக்கு நடுவில் நடப்பது தெரிய வேண்டிய தேவையே இருக்கவில்லை.

வேலேண்டில் கம்பாசிட்டர்தான் எல்லாம். திரையை வரைவது, சாளரங்களை நிர்வகிப்பது, விசைகளை யாருக்குத் தர வேண்டும் என்று முடிவு செய்வது, மூன்றும் அதன் கையில். அதனால் உள்ளீட்டு முறைக்கும் கம்பாசிட்டர்தான் இடம் கொடுக்க வேண்டும். இங்கே வருகிறேன் விஷயத்துக்கு: அந்த இடத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

க்னோமின் முகப்பான க்னோம் ஷெல், நிரல்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் டி-பஸ் வழியாக ஐபஸுடன் தானே பேசிக்கொள்கிறது. உள்ளீட்டு முறைக்கென்று எழுதிய வேலேண்ட் நெறிமுறையை அது வழங்குவதில்லை. எஃப்சிடிக்ஸ் அங்கே வேலை செய்ய வேண்டுமானால் ஐபஸ் போல வேடம் போட வேண்டும். கேடிஈயின் கம்பாசிட்டரான கேவின் உள்ளீட்டு முறை நெறிமுறையின் முதல் பதிப்பைப் பிடித்திருக்கிறது. டபிள்யூஎல்ரூட்ஸ் என்ற நூலகத்தின் மேல் கட்டிய கம்பாசிட்டர்கள் இரண்டாம் பதிப்பைப் பிடித்திருக்கின்றன. மறுபக்கம் செயலிகள் பேச வேண்டிய உரை உள்ளீட்டு நெறிமுறைக்கும் மூன்று பதிப்புகள். 2018இல் வந்த மூன்றாம் பதிப்பின் பெயரிலேயே ‘நிலையற்றது’ என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. க்யூட்டி நெடுங்காலம் இரண்டாவதைப் பேசியது. குரோமியம் உலாவி முதலில் கற்றுக்கொண்டது ஒன்றாம் பதிப்பை. க்னோமின் கம்பாசிட்டரான மட்டரோ நெடுங்காலம் மூன்றாவதை மட்டுமே அறிந்திருந்தது. அப்போது குரோமியத்தை வேலேண்டில் நேரடியாக ஓட்டிய ஒருவருக்கு க்னோமில் தமிழும் வரவில்லை, சீனமும் வரவில்லை, ஜப்பானியமும் வரவில்லை. அதே செயலியை, வேலேண்டுக்குள் எக்ஸ்11 செயலிகளை ஓட்டும் எக்ஸ்வேலேண்ட் வழியாக ஓட்டினால் வந்துவிட்டது! இரண்டு பக்கமும் உள்ளீட்டு முறைக்கு ஆதரவு இருந்தது. இரண்டும் ஒரே பதிப்பைப் பேசவில்லை, அவ்வளவுதான். குரோமியத்துக்கு மூன்றாம் பதிப்பு வந்து சேர எத்தனை காலம் ஆனது என்பதை உங்களில் பலர் நேரிலேயே பார்த்திருப்பீர்கள்.

பிளாஸ்மாவில் எஃப்சிடிக்ஸை இயக்க வேண்டுமானால் அமைப்புகளில் ‘மெய்நிகர் விசைப்பலகை’ என்ற பக்கத்துக்குப் போய் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெறிமுறையின் பார்வையில் அது சரியான இடமாக இருக்கலாம். ஆனால் தன் மொழியில் எழுத வழி தேடும் ஒருவர் அந்தப் பெயருக்குக் கீழே தேட மாட்டார். மேசைமேல் உண்மையான விசைப்பலகை இருக்கும்போது மெய்நிகர் விசைப்பலகை எதற்கு என்றுதான் நினைப்பார். எத்தனையோ பேருக்கு நான் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கிறேன். ஒருவர்கூட அதைத் தானாகக் கண்டுபிடித்திருக்கவில்லை.

அந்த மூன்று சூழல் மாறிகளின் கதையும் குழம்பிவிட்டது. ஒரு மேசைத்தளத்தில் அவற்றை எழுதினால்தான் சில செயலிகளில் தமிழ் வரும். இன்னொன்றில் அவற்றை நீக்கு என்று உள்ளீட்டு முறையே எச்சரிக்கை காட்டும். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது, தேடிப் படித்தால் புரியும். ஆனால் கடிதம் எழுத உட்கார்ந்தவர் அதையெல்லாம் படிக்க வேண்டியிருப்பதே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி, எண்ணிக்கைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். உரை உள்ளீட்டு நெறிமுறையின் மூன்றாம் பதிப்பில், கர்சரைச் சுற்றியுள்ள உரையில் இத்தனையை அழி என்று செயலியிடம் சொல்லும்போது அளவு பைட்டில் இருக்கும். ஐபஸின் பக்கத்தில் அதே கட்டளை எழுத்துக்குறி எண்ணிக்கையில் இருக்கும். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றே என்பதால் தவறு செய்தாலும் வெளியே தெரியாது. தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். நடுவில் யாராவது மாற்றிக் கணக்கிட மறந்தால், ஒரு கால் அழிய வேண்டிய இடத்தில் எதுவும் அழியாது, அல்லது முந்தைய சொல்லும் சேர்ந்து போகும். சுற்றியுள்ள உரையை அனுப்புவதற்கு 4000 பைட் என்று ஒரு வரம்பும் உண்டு. ஆங்கிலத்தில் அது 4000 குறியீடு. எங்களுக்கு 1333. நீண்ட பத்தியில் செயலி அந்த வரம்புக்குள் வெட்டி அனுப்பும்போது, ஓர் எழுத்தின் நடு பைட்டில் வெட்டிவிடாமல் இருக்க வேண்டும். இதைக் கவனமாகச் செய்யும் செயலிகள் இருக்கின்றன. சில செயலிகள் சுற்றியுள்ள உரையை அனுப்புவதே இல்லை. அங்கே ஏற்கெனவே எழுதிய சொல்லுக்குள் கர்சரைக் கொண்டுபோய் வைத்து ஒரு உயிர்க்குறியைத் திருத்த முயன்றால், உள்ளீட்டு முறைக்கு முன்னால் இருப்பது க-வா ம-வா என்றே தெரியாது.

அப்புறம், கடைசி எழுத்து. அம்மா என்று தட்டி முடித்தபோது ‘மா’ இன்னும் முன்னோட்ட நிலையில் இருக்கலாம். அடுத்த விசை வந்தால்தான் அது உறுதியாகும். நான் விசைப்பலகையை விட்டுச் சுட்டியை எடுத்து ‘அனுப்பு’ பொத்தானைச் சொடுக்கினால், அந்த ‘மா’வை என்ன செய்வது? உறுதி செய்து அனுப்பலாம், கைவிடலாம், அல்லது அடுத்த பெட்டியில் கொண்டுபோய்ப் போடலாம். மூன்றையும் நான் வெவ்வேறு செயலிகளில் பார்த்திருக்கிறேன். கொரிய எழுத்தில் எழுதுகிறவர்களும் இதே இடத்தில் தங்கள் கடைசி அசையை இழந்திருக்கிறார்கள். நெறிமுறை இதில் ஒரே நடத்தையைக் கட்டாயமாக்கினால் எல்லாருக்கும் விடிவு கிடைக்கும். எழுதியவர் கண்முன் தெரிந்த எழுத்து, அவர் அழிக்காமல் அழியக் கூடாது. இந்த ஒரு வாக்கியத்தை நெறிமுறையில் கண்டால் அதற்காகவே நான் மகிழ்வேன்.

எனக்குத் தெரிந்த மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருக்கிறார். திரையைப் பார்க்காமலே தமிழ்99இல் தட்டுவார். இயங்குதளத்தை மேம்படுத்திய மறுநாள் என்னை அழைத்து, “தம்பி, வந்த என்று அடித்தால் வநத என்று வருகிறது, என் கை தவறுகிறதா?” என்று கேட்டார். கை தவறவில்லை. அவர் பயன்படுத்தும் உரைத் தொகுப்பான் புதிய அமர்வில் உள்ளீட்டு முறையுடன் பேசாமல், அட்டவணையில் இருந்த எழுத்தை நேரடியாகப் போட்டுவிட்டது. அவரோ மாலைவரை தன் விரல்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியையும் கையால் வைத்திருக்கிறார். “ஐயா, பழைய எக்ஸ்11 அமர்வுக்கு மாறிக்கொள்ளுங்கள்” என்று சொன்னேன். அன்று மாலையே எல்லாம் சரியானது.

அந்த அறிவுரையை இனி நான் சொல்ல முடியாது. க்னோம் 49இல் எக்ஸ்11 அமர்வு இயல்பாகவே அணைக்கப்பட்டது. உபுண்டு 25.10இன் க்னோமில் வேலேண்ட் மட்டும்தான். பிளாஸ்மா 6.8 முதல் வேலேண்ட் அமர்வு மட்டுமே இருக்கும் என்று கேடிஈ அறிவித்திருக்கிறது. இரண்டு டிஸ்ப்ளே சர்வர்களைக் காலமெல்லாம் தூக்கிச் சுமக்க முடியாது என்ற உங்கள் முடிவு எனக்குப் புரிகிறது. சிறிய குழுக்களாகத்தான் வேலை செய்கிறீர்கள். ஆனால் பின்கதவு மூடும் முன் முன்கதவில் எல்லாரும் நுழைய முடிகிறதா என்று பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இந்தக் குறை இவ்வளவு நாள் ஏன் நீடித்தது என்று யோசித்துப் பார்த்தேன். பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ எழுதுகிறவர் எழுத்தின் மேல் குறி வைக்க, இரண்டு விசைகளை அடுத்தடுத்து அழுத்தும் ஏற்பாடு போதும். அது செயலிக்குள்ளேயே, எக்ஸ்கேபி நூலகத்திலேயே முடிந்துவிடுகிறது. கம்பாசிட்டரின் தயவு தேவையில்லை. எனவே உங்களில் பெரும்பாலோர் நாள்தோறும் நடக்கும் பாதையில் இந்தப் பள்ளம் இல்லவே இல்லை. சீனம், ஜப்பானியம், கொரியம் எழுதும் உருவாக்குநர்கள் சிலர் உங்கள் நடுவில் இருந்து போராடியதால்தான் இன்றிருக்கும் அளவுக்காவது வந்திருக்கிறது. அவர்கள் கட்டிய பாதையில்தான் தமிழும் நடக்கிறது. அந்தக் கடனை மறக்க மாட்டேன்.

இதே பொது நிலத்தில் இன்னும் சிலர் நிற்கிறார்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் ஓர்கா திரைவாசிப்பான், எந்தச் சாளரம் முன்னால் இருந்தாலும் தனக்கான விசைகளைக் கேட்க வேண்டும். வேலேண்டின் பாதுகாப்புச் சுவர் அதையும் வெளியே நிறுத்தியது. க்னோம் 48 வந்த பிறகுதான் அதற்கென்று ஒழுங்கான வழி ஒன்று திறந்தது. கையால் தட்ட முடியாமல் குரலால் எழுதுகிறவர்களும், விசைகளைப் போலியாக அனுப்பும் கருவிகளை நம்பியிருந்தவர்களும் அப்படி விசைகளை அனுப்ப வழிதரும் லிப்இஐ நூலகம் வரும்வரை காத்திருந்தார்கள். அனுமதி கேட்டு, பயனர் ஒப்புக்கொண்ட பிறகு உள்ளே விடும் அந்த முறை நல்ல முறை. பாதுகாப்பையும் அணுக்கத்தையும் சேர்த்து வைக்க முடியும் என்று நீங்களே காட்டிவிட்டீர்கள். உள்ளீட்டு முறைக்கும் அதைச் செய்யுங்கள்.

விசையை அழுத்திப் பிடித்தால் எழுத்து திரும்பத் திரும்ப வரும் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. வேலேண்டில் அதற்கான கடிகாரம் செயலியின் கையில் இருந்தது. ஏதாவது திணறி, விரல் எடுத்த செய்தி தாமதமானால், அழிப்பு விசை தானாக ஓடி ஒரு வரியையே தின்றுவிடும். இப்போது கம்பாசிட்டரே அதைச் சொல்லும் வழியை நெறிமுறையில் சேர்த்திருக்கிறீர்கள். மேசைத்தளங்களும் கருவித்தொகுப்புகளும் அதை விரைவில் கையிலெடுக்க வேண்டும்.

நான் கேட்பது இதுதான். உள்ளீட்டு முறைக்கு ஒரே நெறிமுறை இருக்கட்டும். எது என்பதை நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள். க்னோம், கேடிஈ, டபிள்யூஎல்ரூட்ஸ் மூவரும் ஏற்றதாக மட்டும் இருக்கட்டும். அதன் பெயரிலிருந்து ‘நிலையற்றது’ என்ற சொல்லை எடுத்துவிடும் அளவுக்கு அதை முடியுங்கள். சாளரத்தை நகர்த்துவதும் சுட்டியை அசைப்பதும் எப்படி விருப்பத் தேர்வு இல்லையோ, அப்படியே இதுவும் இருக்க வேண்டும். புதிதாக ஒரு கம்பாசிட்டர் எழுதுகிறவர் ‘இதைப் பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிவைக்கும் பட்டியலில் என் மொழி இருக்கக் கூடாது. சொற்பரிந்துரைப் பெட்டி எங்கே தோன்ற வேண்டும் என்பதையும் அதே நெறிமுறை தீர்க்கட்டும். வேலேண்டில் செயலிக்குத் தன் சாளரம் திரையில் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அதனால் அந்தப் பெட்டி கர்சருக்குக் கீழே வருமா, திரையின் மூலைக்கு ஓடுமா என்பது இன்று மேசைத்தளத்துக்கு மேசைத்தளம் மாறுகிறது.

கூடவே, வெளியீட்டுக்கு முன் ஓடும் சோதனைகளில் ஒன்றைச் சேருங்கள். லிப்இஐ வழியாகவே அதை எழுதிவிடலாம். தமிழ்99ஐத் தேர்ந்தெடுத்து, ஒரு ஜிடிகே பெட்டியிலும் ஒரு க்யூட்டி பெட்டியிலும் ஒரு உலாவியிலும் ஒரு முனையத்திலும் 30, 37, 37, 16 என்று அனுப்புங்கள். பிறகு சுட்டியால் வேறிடத்தில் சொடுக்குங்கள். பெட்டியில் 15 பைட் இருக்கிறதா என்று பாருங்கள். 9 இருந்தால் கடைசி ‘மா’ தொலைந்துவிட்டது. 12 இருந்தால் புள்ளி விழவில்லை.

சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். என்னைப் போல இன்னும் பலர் தினமும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். முதிராப் பதிப்பைத் தாருங்கள், ஓட்டிப் பார்த்து, உடைந்த இடத்தை விசை விசையாகக் குறித்து அனுப்புகிறோம்.

அன்புடன்,
லினக்ஸில் தமிழ் எழுதும் ஒரு பயனர்